வெயிலுக்கும் வெடிமருந்துக்கும் ஒரே துணி

கோடை வந்துவிட்டால் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே ஆலோசனைதான். காட்டன் உடை போடுங்கள், தளர்வாகப் போடுங்கள், வெளிர் நிறத்தில் போடுங்கள்... கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரின் படம். ஆலோசனையில் தப்பில்லை. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் இதற்குப் பின்னால் நூறு வருடத்துக் கதை இருக்கிறது. அங்கே கோடையில் ஒருவர் என்ன துணி உடுத்துகிறார் என்பது அழகோடும் சௌகரியத்தோடும் முடிவதில்லை. பல பேருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சிவகாசி, சாத்தூர் பக்கத்தைக் 'கந்தக பூமி' என்று சொல்வார்கள். மழை குறைவு. நிழலுக்கு ஒதுங்கினால் சீமைக் கருவேல மரம்தான். மனிதர்களை வாட்டும் இதே வெயில்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இங்கே இடம் பிடித்துக் கொடுத்தது. மருந்து காய வேண்டும், காகிதக் குழாய் காய வேண்டும், திரி காய வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கும் உலர்த்தும் இயந்திரம் சூரியன்!

கரிசலில் விளைந்தது

பட்டாசு வருவதற்கு முன்பே இந்த மண்ணில் பருத்தி இருந்தது. கரிசல் மண் ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைத்திருக்கும். மழையை மட்டும் நம்பிக் கருங்கண்ணிப் பருத்தி விளைந்தது. பஞ்சு குட்டை இழை, நூல் கொஞ்சம் முரடு. 1901-ல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கும் இந்தக் கரிசல் பயிர்கள்தான் காரணம்.

விளைந்த பஞ்சு விருதுபட்டிச் சந்தைக்கு வந்தது. (விருதுநகர் என்று பெயர் மாறியது 1923-ல்தான்.) மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்தபிறகு ஊர் பெரிய வியாபாரத் தலமானது. பஞ்சுப் பொதிகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறின. ஹார்வி சகோதரர்கள் 1892-ல் மதுரையில் ஆலை தொடங்கியபோது அங்கும் பஞ்சு தேவைப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பருத்தியை விளைவித்த ஊர்களிலேயே கடைகளில் சீமைத்துணி விற்றது. ஆலைத்துணி மெல்லிசாக இருந்தது, விலையும் மலிவு. கையால் நூற்று நெய்த துணிக்குக் கூலி அதிகம், அதனால் விலையும் அதிகம். வணிகவியல் பாடத்தில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கும் கணக்குதான் இது.

மதுரையில் மாறிய உடை

இந்த விலைக் கணக்குத்தான் 1921 செப்டம்பரில் காந்தியின் முன்னாலும் வந்து நின்றது. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது, சீமைத்துணி உடுத்தியிருந்த பயணிகளிடம் கதர் உடுத்தச் சொல்லிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று பதில் வந்தது. காந்தி அப்போது தொப்பி, சட்டை, முழு வேட்டி என்று முழு உடையில் இருந்தார். ஏழை தன்னைப் போல முழுக்கக் கதர் உடுத்த வேண்டும் என்றால் அது நடக்காது என்று அவருக்குப் புரிந்தது.

செப்டம்பர் 22 காலை, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் அரை வேட்டிக்கு மாறினார். முதலில் அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று சொன்னார். கடைசி வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

இந்த மாற்றத்தை எல்லாரும் ஏழைகளுக்காகச் செய்த தியாகம் என்றே படித்திருப்போம். அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் நாட்டுக் கோடைக்கு உடம்பை மூட இதைவிட அதிகம் தேவையில்லை, உடம்பு முழுவதும் மூடினால்தான் நாகரிகம் என்று இந்தியா ஆண்களிடம் வற்புறுத்தியதும் இல்லை என்பது அவர் வாதம். அதாவது வெயிலுக்கு ஏற்ற உடையை வெட்கப்படாமல் உடுத்தலாம் என்று ஒரு தலைவர் வெளிப்படையாகச் சொன்னார்.

மதுரைக்கும் விருதுபட்டிக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லை. அந்த வருடம் விருதுபட்டியில் காமராஜருக்கு வயது 18. கதர் வேட்டி, தொளதொளவென்ற அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு... அதுதான் பின்னாளில் தமிழ்நாடே அறிந்த அவர் உருவம். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோதும், 1966-ல் சோவியத் யூனியன் போனபோதும் வேட்டி சட்டைதான். காற்று உள்ளே வந்து போகும், வியர்வையைத் துணி உறிஞ்சும், துவைத்தால் வெளுக்கும். ஸ்டைல் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் அரசியலில் இருந்த பாதிப் பேர் அதைப் பின்பற்றினார்கள்.

டெரிலின் வந்தது

1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு செயற்கை இழையைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டெரிலின், பொதுப்பெயர் பாலியஸ்டர். நம் ஊருக்கு வந்தபோது அது பணக்காரர் துணி. இஸ்திரி போட வேண்டாம், கசங்காது, சாயம் போகாது. கல்யாண மாப்பிள்ளைக்கு டெரிலின் சட்டை எடுப்பது கௌரவமாக இருந்த காலம் உண்டு. வியர்வை உள்ளேயே நின்று புழுங்கினாலும் யாரும் வெளியே சொல்லவில்லை!

பிறகு நிலைமை தலைகீழானது. 1985 ஜவுளிக் கொள்கை செயற்கை இழைக்கும் பருத்திக்குச் சமமான இடம் கொடுத்தது. உற்பத்தி பெருகியது, விலை இறங்கியது. பாலியஸ்டர் சேலை ஏழை வீட்டுச் சேலையானது. நல்ல காட்டன் சேலை, சொன்னால் சிரிப்பாக இருக்கும், வசதியானவர்களின் ரசனையானது. அருப்புக்கோட்டையில் நெய்கிற காட்டன் சேலைக்கு மதிப்பு உண்டு. ஆனால் தினக்கூலிக்குப் போகும் பெண்ணின் கொடியில் தொங்குவது பெரும்பாலும் பாலியஸ்டர்தான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரவு துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஆலை வண்டியைப் பிடிக்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாக்கெட் இல்லாத உடை

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 1940-களில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது.

வெடிமருந்து வேலையில் உடைக்கென்று சட்டமே உண்டு. 1875-ல் பிரிட்டன் கொண்டுவந்த வெடிபொருள் சட்டம், ஆபத்தான கட்டிடத்துக்குள் வேலை செய்பவருக்குப் பாக்கெட் இல்லாத உடை வேண்டும் என்றது. பாக்கெட் இருந்தால் தீப்பெட்டியோ ஆணியோ மறதியாக உள்ளே வந்துவிடும். இந்தியாவின் வெடிபொருள் விதிகளும் அதே வழியில் வந்தவைதான்.

சரி, இதில் பருத்தி எங்கே வருகிறது? சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம் கூட இல்லை. வெயிலில் பருத்தி சுகமாக இருப்பதற்குக் காரணம் அது ஈரத்தோடு ஒட்டி உறவாடுவதுதான். அதே குணம் இன்னொரு வேலையும் செய்கிறது. துணியும் உடம்பும் உரசும்போது உண்டாகும் நிலை மின்சாரம், ஈரமுள்ள துணியில் தேங்காமல் கசிந்து போய்விடும். பாலியஸ்டரில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். இருட்டில் செயற்கைத் துணியைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். வீட்டில் அது வேடிக்கை. அலுமினியத் தூளும் கந்தகமும் கலந்து வைத்த அறையில் அந்தப் பொறி போதும்.

காற்று வறண்டிருந்தால் நிலை மின்சாரம் இன்னும் அதிகமாகத் தேங்கும். தீபாவளிச் சரக்கு மும்முரமாகத் தயாராவதும் வெயில் மாதங்களில்தான். மருந்து கலக்கும் வேலையைக் காலையிலேயே முடிப்பது, அறைக்குள் நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்குவது, பருத்தி உடை உடுத்துவது... எல்லாம் இந்தப் பயத்தில் வந்த பழக்கங்கள்.

தீப்பிடித்த பிறகும் வித்தியாசம் உண்டு. பருத்தியும் எரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உருகாது. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

விலைதான் கேள்வி

சிவகாசிப் பக்கம் ஆலைகளில் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். பல பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். மருந்துத் தூள் சேலையில் படாமல் இருக்க வீட்டிலிருந்து எடுத்து வந்த பழைய சட்டை. அதன் அடியில் இருக்கும் சேலை என்ன துணி என்பதை அவரவர் வீட்டு வரவு செலவுதான் முடிவு செய்கிறது.

உடை மட்டும் எல்லாரையும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் 40 பேர் வரை இறந்தார்கள். அவ்வளவு பெரிய வெடிப்பின் முன்னால் எந்தத் துணியும் நிற்காது. அறையில் அளவுக்கு மேல் மருந்து, அளவுக்கு மேல் ஆட்கள் இருப்பதைத் தடுப்பதுதான் அதற்கு வழி. உடை காப்பாற்றுவது அதற்கு முந்தைய கட்டத்தில், அந்த முதல் பொறி பறக்காமல் இருக்கும்போது.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. அதுவும் பருத்திதான். தீக்காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிற மாவட்டம், காயம் வராமல் தடுக்கும் துணியையும் நெய்து கொடுக்க முடியும். தறி இருக்கிறது, நூற்பாலை இருக்கிறது, வாங்கவேண்டிய ஆலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பாக்கெட் இல்லாத ஒரு காட்டன் மேலாடை, ஆளுக்கு இரண்டு, ஆலைச் செலவில். கணக்கில் எழுதினால் உற்பத்திச் செலவில் ஒரு சின்ன வரி.

1921-ல் ரயிலில் காந்திக்குக் கிடைத்த பதில், கதர் வாங்க வசதியில்லை என்பது. நூறு வருடம் கழித்தும், காட்டன் உடுத்துங்கள் என்று சொன்னால் பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணிடமிருந்து அதே பதில்தான் வரக்கூடும். அந்த மேலாடை அவர் கைக்கு வந்தால் பதில் மாறும்.