திரும்பும் முதுகின் விலை: பாய்ச்சலும் வாய்ப்புத் தாக்குதலும் விதியான வரலாறு

கிழக்கிலங்கையின் நிந்தவூர்ப் பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாடிப் போகிறவர் எதிர்க்களத்துக்குள் பாய்ந்து நுழைவது பெரிய காரியமல்ல. ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவதுதான் காரியம். முதுகு திரும்பிய கணத்தில் காலிலும் இடுப்பிலும் கைகள் விழும். இதே உண்மையை, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகள் விதியாக எழுதிக்கொள்ள நெடுங்காலம் எடுத்தன. அங்கே பாய்ந்து தாக்குவதற்கு ஒரு விதி, விலகிப் போகிறவரை அடிப்பதற்கு இன்னொரு விதி. பின்னதை வாய்ப்புத் தாக்குதல் என்கிறார்கள்.

இவ்விரண்டும் ஆயுதத்தைப் பற்றிய விதிகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. இவை காலத்தைப் பற்றியவை. கபடிக் களத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். மேசையிலோ ஒருவர் நகரும்போது மற்றவர்கள் நட்ட கம்பம்போல் நிற்க வேண்டும். காலத்தை முறை முறையாக வெட்டியதால் வந்த இந்தக் குறையை நிரப்பவே வாய்ப்புத் தாக்குதல் பிறந்தது.

இதன் முதல் தடயம் சதுரங்கத்தில் இருக்கிறது. பழைய சதுரங்கத்தில் காலாள் ஒரு கட்டம்தான் நகரும். ஐரோப்பாவில் அதற்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டும் உரிமை கிடைத்ததும் ஒரு சிக்கல் எழுந்தது: எதிரிக் காலாளின் தாக்கு எல்லைக்குள் இருக்கும் கட்டத்தை அது அடி வாங்காமல் கடந்துவிடலாம். அதைத் தடுக்கவே, கடந்துபோகும் காலாளை உடனடுத்த முறையில் வெட்டலாம் என்ற விதி வந்தது. இத்தாலியர் 1880 வரை இவ்விதியை ஏற்கவில்லை. அவர்களுடைய ஆட்டத்தில் காலாள் தப்பிப் போகலாம். வாய்ப்புத் தாக்குதலின் மூத்த வடிவம் இதுவே என்பது என் முடிபு. வேகம் கூடிய இடத்தில்தான் தண்டனையும் தேவைப்பட்டது.

சதுரங்கத்தைப் போர்ப் பயிற்சியாக விரித்தவர் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக், ஆண்டு 1780. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் ஒரு முறை என்பது 2 நிமிடம். நடுவர் ஒருவர் இருந்ததால், விலகுகிறவருக்கு நேர்வதை அவரே தீர்க்க முடிந்தது. நடுவரில்லாமல் இருவர் ஆடும் பலகைப் போர் விளையாட்டுகளுக்கு அந்த வசதி இல்லை. அவலோன் ஹில் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் ஆட்டங்களில் ஒவ்வொரு படைக்கும் சுற்றியுள்ள கட்டங்கள் அதன் ஆதிக்க எல்லையாயின. அதற்குள் நுழைந்த எதிரி நின்றே ஆக வேண்டும்.

இந்த மரபிலிருந்தே கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிநூலை எழுதினார்கள். 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை வெளியிட்டார்கள். 1979இல் வந்த அதன் மேம்பட்ட பதிப்பின், ஆட்ட நடத்துநருக்கான நூலில் தண்டனை கடுமையானது: கைகலப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடுகிறவரை, திகைத்து நிற்பவரைப் பின்னாலிருந்து அடிப்பதுபோல் எதிரி இலவசமாக அடிக்கலாம். பாய்கிறவருக்கு அடிக்கும் பகடையில் 2 கூடும், தற்காப்பு குறையும். நீண்ட ஆயுதக்காரர் முந்திக்கொள்வார். பாய்ச்சலுக்கு எதிராக ஊன்றிப் பிடித்த ஈட்டி இரட்டைச் சேதம் தரும். அங்கே ஒரு சுற்று 1 நிமிடம். அவ்வளவு நீண்ட நேரத்துக்குள் யார் எந்த அங்குலத்தில் நின்றார் என்பது நடத்துநரின் கணிப்பு.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு சுற்றை 6 வினாடியாக்கி, போரைக் கட்டங்கள் வரைந்த தாளில் வைத்தது. திருப்பம் இங்கேதான். பெரும்பாலான ஆயுதக்காரர்கள் சுற்றியுள்ள கட்டங்களை அச்சுறுத்துகிறார்கள். அவற்றுள் ஒன்றைவிட்டு அசைந்தாலே அடி. அருகில் நின்று மந்திரம் சொன்னாலும் அம்பு எய்தாலும் அடி. 5 அடி மட்டும் நகர்ந்தால் பிழைக்கலாம். பாய்கிறவர் நேர்கோட்டில் இருமடங்கு தூரம் ஓடி, அடிக்க 2 கூட்டிக்கொண்டு, தற்காப்பில் 2 இழக்கிறார். நீண்ட ஈட்டிக்காரர் முன்னால் நின்றால், பாய்கிறவர் கிட்ட நெருங்கும் வழியிலேயே அடி வாங்குவார். கபடிக் களத்துக்கு மேசை மிக அண்மையில் வந்த பதிப்பு இது என்பேன். ஆனால் ஆட்டக்காரர்கள் அசையவே அஞ்சும்படியும் ஆயிற்று.

2014இன் ஐந்தாம் பதிப்பு அந்த அச்சத்தைத் தளர்த்தியது. எதிரியின் ஆயுதம் எட்டும் எல்லையை விட்டு முற்றாக வெளியேறினால்தான் அடி. அதுவும் ஒருவர் ஒரு சுற்றில் ஒருமுறைதான் அடிக்கலாம். தன் செயலை விலகலுக்கென்றே செலவிட்டால் அதுவும் இல்லை. ஓடித் தாக்குவது எவரும் தம் முறையில் செய்யும் வழக்கமான செயலாகிவிட்டதால், பாய்ச்சல் பொதுவிதியிலிருந்து நீங்கித் தனித்திறனாயிற்று. 2019இல் 'பாத்ஃபைண்டர்' என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு இன்னும் ஒருபடி போய், தொடக்கத்திலிருந்தே வாய்ப்புத் தாக்குதல் செய்யும் உரிமையைப் போர்வீரர் வகுப்புக்கே வைத்தது. தண்டனை குறைந்தபோது பாய்ச்சலின் தனிச்சிறப்பும் குறைந்தது என்பதே இவ்வரலாறு காட்டும் போக்கு.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் இளைஞர்களில் யாராவது தமிழில் இப்படியொரு விளையாட்டை எழுத முனைந்தால், அயல்நாட்டு நூல்களின் கூட்டல் கழித்தலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கபடி வீரர்களிடமும் சிலம்படி அண்ணாவிமார்களிடமும் போய், எப்படிப் பாய்வது என்பதற்கு முன் எப்படித் திரும்புவது என்று கேட்டு, அதை முதல் விதியாக எழுதுங்கள்.