வானத்தைப் பார்த்துத் திருத்திய பஞ்சாங்கம்

2023ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14இல் வந்தது. மலையாளிகளின் விஷு ஏப்ரல் 15இல். கொச்சியின் இடக்கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது புதிதல்ல. தங்கள் வீட்டில் பண்டிகை முடிந்த மறுநாள் விடியலில் அக்கம்பக்கத்தில் மங்கலக் காட்சியான கணி காண்பார்கள். சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன்பாக இருந்தால் அன்றே சித்திரை ஒன்று என்பது தமிழ்நாட்டு வழக்கம். விஷுக்கணியோ விடியலில் காணவேண்டியது. சங்கராந்தி பகலில் நேர்ந்துவிட்டால் கணி மறுநாளுக்குப் போய்விடும்.

கொச்சிக்குப் பல ஆண்டுக்கணக்குகள் பழக்கம். மட்டாஞ்சேரியின் குஜராத்திகளுக்கு தீபாவளிக்கு மறுநாள் வருஷம் பிறக்கிறது. கொங்கணிகளுக்கு யுகாதி. மலையாளிகளின் கொல்லம் ஆண்டு ஆவணியில், சிங்கம் மாத முதல் தேதியில் தொடங்குகிறது. பரதேசி யூதர் ஜெபாலயத்தின் மணிக்கூண்டை 1760இல் கட்டுவித்தவர் வணிகர் எசக்கியேல் ரஹாபி. அதன் கடிகார முகங்களில் ஒன்றில் மணிகள் எபிரேய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யூதர்களின் மாதம் நிலவைப் பின்பற்றும். பருவம் தவறிப்போகாமலிருக்க 19 ஆண்டுகளுக்கு 7 அதிக மாதங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

கொச்சிக்கே உரிய ஆண்டுக்கணக்கு ஒன்றும் இருந்தது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சி அழிமுகத்தை அகலத் திறந்தது என்பது வரலாறு. வைப்பின் தீவு உருவான அந்த நிகழ்வை முதலாகக் கொண்டு ‘புதுவைப்பு’ ஆண்டு எண்ணப்பட்டது. கொச்சி அரசரும் டச்சுக் கம்பெனியும் 1663 மார்ச் 22 அன்று செய்துகொண்ட செப்பேட்டு உடன்படிக்கை அந்தக் கணக்கில்தான் தேதியிடப்பட்டது.

டச்சுக்காரர் தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூடுதலாகக் கணக்கிட்டதால், 1582க்குள் வசந்தகால சமநாள் பத்து நாள் நகர்ந்துவிட்டிருந்தது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அந்த ஆண்டு அக்டோபர் 4ஐ அடுத்து அக்டோபர் 15 என்று உத்தரவிட்டார். ஹாலந்து விரைவிலேயே மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அதனால் 1663இல் கொச்சியிலிருந்து டச்சுக்காரர் எழுதிய கடிதத்துக்கும் அதே நாளில் சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் எழுதிய கடிதத்துக்கும் தேதியில் பத்து நாள் இடைவெளி.

ரோம் செய்ததை வேறு வகையில் கேரளம் அதற்கு முன்பே செய்திருக்கிறது. ஆரியபட்டரின் கணக்கில் கிரக நிலைகள் வானத்தோடு பொருந்தாமல் போனபோது, 683இல் ஹரிதத்தர் திருத்தங்களைச் சேர்த்துப் ‘பரகிதம்’ என்ற முறையை வகுத்தார். நிளா நதிக்கரையில் திருநாவாய் மாமாங்கத்தில் அது அறிவிக்கப்பட்டது என்பது கேரள மரபு. சில நூற்றாண்டுகளில் அந்தக் கணக்கும் பிசகியது. அதே நதி கடலில் கலக்கும் பகுதியில் வாழ்ந்த வடசேரி பரமேஸ்வரன் கிரகணங்களையும் கிரகங்களையும் 55 ஆண்டுகள் கவனித்தார் என்று, அவர் மகனிடம் பயின்ற நீலகண்ட சோமயாஜி எழுதியிருக்கிறார். அந்தப் பார்வையின் பயனாக 1431இல் பிறந்தது ‘திருக்கணிதம்’. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம் அது. பழையதை யாரும் தூக்கி எறியவில்லை. முகூர்த்தத்துக்குப் பரகிதம், கிரகணத்துக்கும் ஜாதகத்துக்கும் திருக்கணிதம் என்று இரண்டும் வழக்கில் நின்றன.

கணக்குகளை வாக்கியங்களாக மனப்பாடம் செய்துகொள்ளும் தமிழ்நாட்டின் வாக்கியக் கணிதமும் அசாத்தியமானது. 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை நினைவிலிருந்தே சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் தம் ‘காலசங்கலித’ நூலில் பதிவு செய்தார். காகிதம் இல்லை, எழுத்து இல்லை. கிரகணத் தொடக்கத்தில் பிழை வெறும் 4 நிமிடம். ஆனால் நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். மனிதரின் திறமையில் குறையில்லை. அவர் மனப்பாடம் செய்த வாக்கியங்கள்தான் பல நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாமலே இருந்தன.

திருத்த முனைந்தவர்களில் முன்னோடி, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த அவர், ஆய்வகத்தின் துல்லியத்தைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். பின்னர் 1952இல் மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இன்னொரு நகர்வைச் சுட்டிக்காட்டியது. ஆரியபட்டர் காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி நேர்ந்த மேஷ சங்கராந்தி, இன்று மார்ச் 21ஐ விட்டு மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்கிறது. குழுவின் பரிந்துரைப்படி, பெரும்பாலும் மார்ச் 22இல் பிறக்கும் தேசிய சக ஆண்டு 1957இல் நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் அந்தத் தேதி ஏறியது, வீடுகளுக்குள் நுழையவில்லை.

வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையிலான விலகல் நின்றபாடில்லை. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா அதே ஆண்டு டிசம்பர் 20இல். பதினோரு மாத வித்தியாசம்.

முன்னோர் கணக்கை மாற்றலாமா என்று தயங்குவோர் பரமேஸ்வரனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவரும் முன்னோர்தான். கணக்கு தவறும்போது வானத்தைப் பார்த்துத் திருத்துவதும் அவர் விட்டுச்சென்ற மரபுதான். வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கணிப்போர் இதை ஏற்றுத் திருத்தத்துக்கு முன்வர வேண்டும்.