சாந்தும் சேர்மானமும்

கட்டடம் எழும்பும் இடங்களில் நாள்தோறும் ஒரு வழக்கு நடைபெறுகிறது. கலவையில் இன்னும் ஒரு வாளி நீர் ஊற்ற வேண்டும் என்பது கொத்தனாரின் கட்சி; ஒரு சொட்டும் கூடாது என்பது பொறியாளரின் கட்சி. இருவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. கம்பிகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் தூணின் அச்சுக்குள் கெட்டியான கலவையைக் கொட்டினால், அது மூலை முடுக்குகளில் இறங்காது. இறங்காத இடத்தில் பொந்து விழும். நீரை மிகுதியாக ஊற்றினாலோ கலவை எளிதில் ஓடிப் பரவும். ஆனால் அந்நீர் பின்னர் வற்றிப்போன இடமெல்லாம் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகளாகி, இறுகிய கான்கிரீட்டின் வலிமையைத் தின்றுவிடும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம்மவர் தலைக்கு மேல் நிற்கும் கூரை, அவ்வழக்கில் என்றோ ஒருநாள் வழங்கப்பட்ட தீர்ப்பே ஆகும்.

கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ கொண்ட சிமிட்டி மூட்டையொன்று நீரோடு வேதியியல் முறையிற் கூடி இறுகுவதற்கு ஏறத்தாழ 12 லிட்டர் நீர் போதும். கையாளத்தக்க பதத்திற்குக் கொண்டுவரவோ 25 லிட்டர் முதல் 30 லிட்டர் வரை வேண்டியிருக்கிறது. அஃதாவது, ஊற்றும் நீரிற் பாதிக்கு மேல் வெறும் வழித்துணையாக வந்து, வேலை முடிந்த பின் பகையாக மாறுகிறது. சிகாகோ நகரில் ஆராய்ச்சி நிகழ்த்திய டஃப் ஏப்ரம்ஸ் என்பவர், நீருக்கும் சிமிட்டிக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிப்பது என்பதைப் பல சோதனைகளால் நிறுவி 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 25 லிட்டர் போதுமான மூட்டைக்கு 35 லிட்டர் ஊற்றினால், வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடக்கூடும். எனவே, நீரைக் கூட்டாமலே கலவையை இளகவைக்க வழியுண்டா என்பதே கேள்வி. அதற்கு இன்று கிடைத்துள்ள சிறந்த விடை, பாலிமர் எனப்படும் பலபடிப் பொருள்களிலிருந்து வந்தது. அவ்விடையின் வரலாறு, பாலிமர் என்னும் சொல்லைக் காட்டிலும் நெடுங்காலம் மூத்தது.

வரலாற்றிற்குள் புகுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறோம். சிமிட்டி, நீர், மணல், ஜல்லி ஆகிய நான்கிற்கும் புறம்பாக, கலக்கும்போதே சிறிதளவு இடப்படும் பொருளை ஆங்கிலத்தில் அட்மிக்ஸ்சர் என்பர். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் எம்போன்றோர்க்கு இது தொல்லை தரும் சொல். கலப்புப் பொருள் என்று எழுதினால், படிப்பவர் மனம் உடனே கலப்படத்தை நாடுகிறது; சிமிட்டியிற் சாம்பலைக் கலந்து விற்ற வணிகனைப் பற்றிய செய்தியோ என்று ஐயுறுகிறார். சித்த மருத்துவத்தில் வழங்கும் 'சேர்மானம்' என்ற சொல்லே இங்கு ஏற்றது என்பது நம் கருத்து. மருந்தின் குணத்தைத் தூக்கிக் கொடுப்பது சேர்மானம். அளவு தப்பினால் அம்மருந்தையே கெடுப்பதும் அதுவே. கான்கிரீட்டின் சேர்மானத்திற்கும் இவ்விரண்டு குணங்களும் உண்டு.

சுண்ணாம்புக் காரையின் காலத்தில் இந்நாட்டுக் கட்டடக் கலைஞர் இதனை நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் கடுக்காயை ஊறவைத்த நீரும் வெல்லம் கரைத்த நீரும் சாந்திற் சேர்ந்தன. மெருகுப்பூச்சுக்கு முட்டையின் வெண்கரு சேர்ந்தது. பளிங்கெனப் பளபளத்த சென்னைச் சுண்ணப் பூச்சைக் கண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் வியந்தனர். வடக்கே வெல்லத்தோடு உளுந்தும், வில்வப் பழத்தின் கூழும் சேர்ந்தன. அடுக்களைதான் வேறு, முறை ஒன்றே. சீன நாட்டிலோ ஒட்டரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்தனர். நான்ஜிங் நகரின் மிங் காலத்து மதில் அத்தகைய சாந்தினால் ஆனது.

இவை வெறும் வழக்கமோ மூடநம்பிக்கையோ அல்ல. உளுந்தின் வழவழப்பு, வில்வத்தின் பிசின், வெண்கருவின் புரதம், அரிசியின் மாவுச்சத்து ஆகிய யாவும் சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறுகளைக் கொண்டவை. இயற்கை தந்த பலபடிப் பொருள்கள். சீனச் சாந்தை ஆராய்ந்த செஜியாங் பல்கலைக்கழக அறிஞர்கள் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு தெளிவானது: சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக மாறும்போது, அரிசியின் மாவுச்சத்து அதன் படிகங்களைப் பெருகவிடாமல் சிறியனவாகவும் நெருக்கமாகவும் அமையச் செய்கிறது. வெல்லத்தின் தொழில் வேறு. சர்க்கரை கரைந்த நீரில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரையும். சாந்து மெல்லப் பதமாகும்.

1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்தின் போர்ட்லண்டு சிமிட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவியதும் பழைய அறிவு பயனற்றதாயிற்று; பயனற்றதாதல் மட்டுமன்று, ஆபத்தானதாகவும் ஆயிற்று. சுண்ணாம்பிற்கு நன்மை செய்த அதே வெல்லம் சிமிட்டிக்கு நஞ்சு. சிமிட்டியின் எடையில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு சர்க்கரை சேர்ந்தாலே, அது இறுகும் நேரம் தாறுமாறாக நீண்டுவிடும். பாட்டன் காலத்துக் கைப்பக்குவத்தைப் புதிய பொருளிற் காட்டிய கொத்தன் தோல்வியுற்றதில் வியப்பில்லை. மறுபுறம், சிமிட்டியைப் பழைய கட்டடங்களில் அப்பியவர்களும் அத்தகைய பிழையையே செய்தனர். தில்லியில் உள்ள ஹுமாயூன் கல்லறையைப் பலர் பார்த்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் அதன் கூரைமேல் அடுக்கடுக்காக இடப்பட்டிருந்த சிமிட்டிக் கான்கிரீட்டை, 2007-ஆம் ஆண்டில் தொடங்கி 2013-இல் நிறைவுற்ற சீரமைப்பின்போது பெயர்த்தெடுத்தனர். அதன் எடை ஏறத்தாழ பத்து லட்சம் கிலோ. அவ்விடத்தில் மீண்டும் சுண்ணாம்புக் கலவையே இடப்பட்டது.

சிமிட்டிக்கு உரிய சேர்மானத்தைத் தேடும் முயற்சி புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதன் முதற்படி நம்மவர் வரலாற்றோடும் தொடர்புடையது. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பரின் விலை வீழ்ந்தது. 1922-ஆம் ஆண்டில் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஸ்டீவன்சன் திட்டம் வகுக்கப்பட்டது. தேங்கிய ரப்பருக்குப் புதிய பயன்களைத் தேடவேண்டிய காலம் அது. 1923-இல் கிரெஸ்ஸன் என்பவர் ரப்பர்ப் பாலைச் சாலைத் தளப் பொருளில் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அதில் சிமிட்டி வெறும் நிரப்புப் பொருளாக இருந்தது. அடுத்த ஆண்டில் லெஃபெபூர் என்பவர், சிமிட்டிச் சாந்திலும் கான்கிரீட்டிலும் ரப்பர்ப் பாலை அளவிட்டுக் கலக்கும் முறைக்கு உரிமை பெற்றார். ஈரமான கான்கிரீட்டிற் பலபடிப் பொருளைக் கலந்து வலிமையூட்டும் முறையின் தொடக்கம் இதுவே என்பர். அந்நாளில் மலேயாவின் பெருந்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டிய தொழிலாளரில் தமிழர் தொகை மிகுதி. காப்புரிமை ஏடுகளில் அவர்களுக்கு இடமில்லை. ஆயினும் அவ்வேடுகளைப் புரட்டும்போது அவர்களை நினையாதிருக்க நம்மால் இயலவில்லை.

ரப்பர்ப் பால் கலவைக்குள் செய்வது யாது? அதில் மிதக்கும் நுண்ணிய உருண்டைகள், சிமிட்டி நீரைக் குடிக்கக் குடிக்க ஒன்றோடொன்று நெருங்கி, இறுதியில் இணைந்து மெல்லிய படலமாகின்றன. சிமிட்டிப் படிகங்களுக்கிடையே அப்படலம் வலைபோல் பரவுகிறது. கான்கிரீட்டு அமுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்காது. அக்குறையை இவ்வலை ஓரளவு போக்குகிறது. பழைய பரப்பின்மேல் புதிய பூச்சு பற்றிக்கொள்ளவும், நீர் கசியாதிருக்கவும் துணைசெய்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது செயற்கை ரப்பர்த் தொழில் வளர்ந்தது; 1950-களின் இறுதியில் அமெரிக்கப் பாலங்களின் தளங்களைப் புதுப்பிக்கச் செயற்கை ரப்பர்ப் பால் வழக்கிற்கு வந்தது. மழைக்காலத்திற்கு முன் மும்பையில் மொட்டை மாடியைச் செப்பனிட வருவோர் டப்பாவிலிருந்து ஊற்றும் வெண்மையான பால் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மலிவென்று கருதிச் சிலர் மரம் ஒட்டும் வெண்பசையைக் கலப்பதுண்டு. அப்பசை ஈரம்பட்டால் மீண்டும் இளகுவது. மாடிக்கு அது ஆகாது.

எனினும், தொடக்கத்திற் கூறிய நீர் வழக்கு இதனால் முழுமையாகத் தீரவில்லை. அதன் தீர்வு தற்செயலாக வந்தது. 1930-களில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நடுப்பாதையை மட்டும் கறுப்பாக்கி வேறுபடுத்த எண்ணினர். கலவையில் இட்ட கரித்தூளோ பரவாமல் மேலே மிதந்து, திட்டுத்திட்டாக நின்றது. அதனைச் சீராகப் பரப்ப, நஃப்தலீனிலிருந்து செய்த ஓர் உப்பைச் சிறிதளவு சேர்த்தனர். நிறம் சீராயிற்று. அதனோடு, கறுத்த பாதையின் கான்கிரீட்டு மற்றவற்றினும் வலியதாயிருக்கக் கண்டனர். கரியைப் பிரித்த பொருள் சிமிட்டியையும் பிரித்துவிட்டது!

மாவில் நீரூற்றியதும் கட்டிதட்டுவதைப் பார்த்திருக்கிறோம். சிமிட்டித் துகள்களும் அவ்வாறே ஒன்றையொன்று பற்றித் திரள்கின்றன. திரளுக்குள் நீர் சிறைப்படுகிறது. பலபடி மூலக்கூறுகள் துகள்களின் மேற்பரப்பிற் படிந்து அவற்றிற்கு எதிர்மின்னூட்டம் அளிக்கின்றன. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும், கட்டி உடையும், சிறைப்பட்ட நீர் வெளிவரும். புதிதாக நீர் ஊற்றாமலே கலவை இளகிவிடுகிறது.

அந்த உப்பைப் பற்றிய காப்புரிமை 1938-இல் டக்கர் என்பவர் பெயரால் வழங்கப்பட்டது. ஆனால் விலை மிகுதி. காகித ஆலைகள் மரத்தைக் கூழாக்கியபின் கழித்துவந்த கழிவுநீரிலுள்ள லிக்னோசல்ஃபோனேட்டு, அவ்வேலையையே மலிவாகச் செய்தது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை நீரைக் குறைக்க அது போதும். அவ்வளவில் உலகம் நிறைவடைந்து, நஃப்தலீன் உப்பை ஏறத்தாழ கால் நூற்றாண்டு மறந்தது. ஒரு நல்ல விடையைக் கையில் வைத்துக்கொண்டே விலைக்கு அஞ்சி ஒதுக்கியதைச் சிக்கனம் என்பதா, குறுநோக்கு என்பதா? நாம் பின்னதையே கூறுவோம்.

அதனை மீட்டவர் ஜப்பானியர். காவோ என்னும் சோப்பு நிறுவனத்தைச் சேர்ந்த கெனிச்சி ஹட்டோரி 1960-களின் தொடக்கத்தில் நஃப்தலீன் பொருளை நீண்ட சங்கிலியாக்கி, நூற்றுக்கு இருபதுக்கும் மேல் நீரைக் குறைத்தார். அதே காலத்தில் ஜெர்மானியர் மெலமின் வழியே அத்தகைய பொருளைக் கண்டனர். நோக்கம்தான் வேறு. ஜப்பானியர் பதத்தை மாற்றாமல் நீரைக் குறைத்து வலிமையைப் பெருக்கினர். ஜெர்மானியர் நீரை மாற்றாமல் கலவையைப் பாயவைத்து உழைப்பைக் குறைத்தனர். 1980-களில் ஜப்பானில் மூன்றாம் தலைமுறை பிறந்தது. பாலிகார்பாக்சிலேட்டு எனப்படும் இதன் மூலக்கூறு சீப்பைப் போன்றது. சீப்பின் முதுகு துகளிற் பற்றிக்கொள்ள, பற்கள் வெளியே நீண்டு அடுத்த துகளை அண்டவிடாமல் தடுக்கின்றன. மின்விலக்கத்தை மட்டும் நம்பாமையால் இதன் ஆற்றல் மிகுதி. நூற்றுக்கு நாற்பது வரை நீரைக் குறைக்கவல்லது.

இத்தகைய சேர்மானங்களைக்கொண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஒகாமுராவும் அவர் குழுவினரும், அதிர்வுக் கருவியின்றித் தானே பரவித் தானே செறியும் கான்கிரீட்டை 1988-இல் உருவாக்கினர். அதற்குத் தூண்டுதலாக நின்றது ஓர் ஆள்பஞ்சம். கலவையைச் சரிவரக் குத்திச் செறிக்கும் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளர் அந்நாட்டில் அருகிவந்தனர். 1998-இல் திறக்கப்பட்ட ஆகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் நங்கூரத் திண்டுகளுக்கு இம்முறை பயன்பட்டு, இரண்டரை ஆண்டு வேலை இரண்டு ஆண்டுகளில் முடிந்தது.

நம் நாட்டில் இச்சேர்மானங்களுக்கான இந்தியத் தரநிர்ணயம் 1979-இல் வெளியாயிற்று, 1999-இல் திருத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் கான்கிரீட்டு விதித்தொகுப்பு, நீரைப் பெரிதும் குறைக்கும் வகையைச் சிமிட்டிப் பொருள்களின் எடையில் நூற்றுக்கு 2 பங்கிற்கு மேல் சேர்த்தலாகாது என்கிறது. வரம்பு காரணமின்றி இடப்படவில்லை. அளவு மிகுந்தால் ஜல்லி அடியிலும் நீர் மேலிலுமாகக் கலவை பிரியும். இறுகும் நேரமும் நீளும். உருளை சுழன்றபடி நகரத் தெருக்களில் ஊர்ந்துசெல்லும் கலவை வண்டிகள், நெரிசலில் நெடுநேரம் நின்றும் கலவை கெட்டியாகாமல் வந்துசேர்வது இப்பொருள்களால்தான். இடையில் வண்டியோட்டி குழாய் நீரைக் கலந்துவிட்டால் இத்தனை வேதியியலும் வீண்.

அண்மைக் காலத்தில் எதிர்ப்பட்ட இடையூறு மணலிலிருந்து வந்தது. ஆற்றுமணல் அருகி, பாறையை நொறுக்கிய மணல் நாடெங்கும் வழக்கிற்கு வந்துள்ளது. அதனைச் சரியாகக் கழுவாவிடில் களிமண் தங்கிவிடும். சிலவகைக் களிமண் ஏட்டின் இதழ்கள்போல் அடுக்கடுக்காக அமைந்தது. பாலிகார்பாக்சிலேட்டுச் சீப்பின் பற்கள் அவ்வடுக்குகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. சிமிட்டிக்குச் சேரவேண்டிய சேர்மானத்தைக் களிமண் விழுங்கிவிடுகிறது. கலவை மீண்டும் கெட்டியாக, கொத்தனார் மீண்டும் வாளியைத் தேடுகிறார். இதனை முன்கூட்டியே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மணலின் நுண்தூளை நீரிற் கலக்கி, மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டை வடிதாளில் வைப்பர். களிமண் இருக்குமளவும் அது சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது நிறைந்தபின் எஞ்சிய சாயம், சொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையமாகத் தாளிற் படரும். வளையம் தோன்றுமுன் எத்துணைச் சாயம் செலவாயிற்றோ, அத்துணைக்குத் தக அந்த மணலிற் களிமண் உண்டு.