தகடூர் நாட்டில் ஒரு மறுவாழ்வு

இடர் வாராத வாழ்வென்பது மக்கட்கு இல்லை. செல்வம் அழிதலும், தொழில் இழத்தலும், உற்றார் பிரிதலும், நோய் வந்து உடலைப் பற்றுதலும் எளியார் வலியார் என்னும் வேறுபாடின்றி யாவர்க்கும் நேர்வன. அவை நேர்ந்தவிடத்து, 'இது முன்வினை' என்று சொல்லிச் சோர்ந்திருந்துவிடுவாரும் உளர். அவ்வாறு சொல்லிக்கொண்டே எழுந்து மறுபடியும் வாழத் தலைப்படுவாரும் உளர். இவ்விரு திறத்தாருள் சித்தாந்தக் கருத்தை உணர்ந்தவர் யாவர் என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்குத் தருமபுரி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1925-ஆம் ஆண்டில் முடிவெய்திய ஒரு வாழ்வு நல்லதொரு சான்றாய் நிற்கின்றது.

அவ்வாழ்வைக் கூறுமுன், அந்நாட்டிற்கு அணித்தாகிய திருச்செங்கோட்டில் நிகழ்ந்ததொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். கொடிமாடச் செங்குன்றூர் எனத் திருமுறைகளிற் பெயர்பெற்ற அத்தலத்தில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளியிருந்த பொழுது பனிக்காலம் வந்தது. அவருடன் போந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்திற்று. அக்காலத்தில் அச்சுரம் வருதல் அந்நிலத்தின் இயல்பு என்று அடியார்கள் விண்ணப்பித்தனர். 'நிலத்தின் இயல்பு' என்று கேட்டுப் பிள்ளையார் வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளிச்செய்தார். சுரம் அடியாரை விட்டதோடு அந்நாட்டையும் விட்டு நீங்கிற்றென்று சேக்கிழார் பெருமான் கூறுவர். இப்பதிகத்தின் தொடக்கத்திலேயே பிள்ளையார் ஓர் உண்மையை வற்புறுத்துகின்றார். இத்துன்பம் முன்செய்த வினையால் வந்ததென்று அறிந்து பேசுவோர், அவ்வறிவோடு நின்று, உய்தற்குரிய நெறியைத் தேடாதிருத்தல் குறைபாடேயாம் என்பது அதன் கருத்து. வினையுண்மையை மறுக்காமலே, வினையைச் சாக்காகக் கொண்டு முயற்சி துறப்பதை அவர் மறுத்தமை காண்க.

சித்தாந்த சாத்திரங்களும் இதற்கு மாறாகக் கூறவில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும். இவற்றுள் பிராரத்தம் இப்பிறவியில் நுகர்தற்கு வந்தது. அதனை நுகருங்கால் உயிர் புதிதாய் ஈட்டுவது ஆகாமியம். வந்ததை எவ்வாறு ஏற்பது, ஏற்றபின் யாது செய்வது என்பவற்றில் உயிர்க்கு இடமுண்டு. அஃது இல்லையாயின் சரியை முதலிய நாற்பாதங்களையும் நூல்கள் விதித்தல் பயனின்றாம். மேலும், தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்குக் கொடுத்தருளுவது அவை பக்குவமுற்று உய்தற்பொருட்டேயாம். எனவே, தவறிய உயிர்க்கு மீண்டும் ஓர் இடங்கொடுத்தலே படைப்பின் நோக்கமாதல் பெறப்படும். பிறவியே மறுவாய்ப்பு என்று சொல்லும் சமயத்தார், இடருற்று நிற்கும் ஒருவனை நோக்கி 'உனக்கு இனி இடமில்லை' என்று கூறுதல் யாங்ஙனம்?

இனித் தகடூர் நாட்டு வரலாறு வருமாறு. வத்தலக்குண்டில் 1884-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், இராசம் ஐயர் என்பார்க்கும் நாகம்மையார்க்கும் ஒரு மகவு பிறந்தது. சுப்பிரமணியன் என்னும் அம்மகன் மதுரையிற் கற்று, குடும்ப வறுமையால் திருவனந்தபுரம் சென்று வளர்ந்தான். செல்வமும் குலப்பெருமையும் துணையாக வாய்த்த பிறப்பன்று அது. அக்காலத்து ஏழைக் குடும்பத்து இளைஞர் ஆயிரவருள் ஒருவன் என்றே அவனைக் கருதவேண்டும். சிவம் என்னும் பெயர் பின்னர் வந்து சேர்ந்தது. சுப்பிரமணிய சிவா என்று நாடறிந்தவர் இவரே.

திருவிதாங்கூரில் நாட்டுரிமை பேசியதற்காக அந்நாட்டினின்றும் வெளியேற்றப்பட்ட இவர், 1908-ஆம் ஆண்டில் தூத்துக்குடி அடைந்து வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களோடு கூடினார். அவ்வாண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலியுயர்வும் ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபொழுது, அவர்க்கு ஊக்கமளித்தோருள் இவ்விருவரும் முதன்மையானவர். மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே என்பவர் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது. சேலம் சிறையில் ஆட்டுமயிரைத் துப்புரவு செய்யும் கடும்பணியை இவர் செய்யவேண்டியதாயிற்று. அச்சிறைவாசத்தின்போதே தொழுநோய் இவருடலிற் கண்டது. 1912-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இவர் விடுதலை பெற்று வெளிவந்தபொழுது வயது 28. உடல் நோய்க்கு இரையாயிற்று; கையிற் பொருளில்லை; சேர்ந்துழைத்த கூட்டமும் சிதறிப்போயிருந்தது.

இந்நிலையில் இவர் செய்தது யாது? சென்னையை அடைந்து, 1913-ஆம் ஆண்டில் 'ஞானபாநு' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். சிறை மீண்ட சிதம்பரம் பிள்ளையவர்களும், புதுவையிலிருந்த சுப்பிரமணிய பாரதியாரும் அதில் எழுதினர். 1915-ஆம் ஆண்டில் இவருடைய மனைவி மீனாட்சியம்மையார் மறைந்தார். நோயும் ஆண்டுதோறும் முதிர்ந்தது. 1921-ஆம் ஆண்டில் அரசு இவரை மீண்டும் சிறையிலிட்டு, நோய்மிகுதி கண்டு தண்டனைக் காலம் முடியுமுன்னரே விடுத்தது. புகைவண்டியில் இவர் செல்லலாகாதென்னும் தடையும் வந்தது. தடை வந்தபின் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊரூராகச் சென்று பேசினார்.

ஈண்டு ஆரூரர் வரலாறு அன்பர் நினைவுக்கு வருதல் இயல்பு. திருவொற்றியூரிற் சூளுறவு தவறிக் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி நாயனார், பார்வை மீண்ட பின்னரே பயணம் தொடர்வதென்று காத்திருந்தாரல்லர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது. அதனை ஊன்றி நடந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். இடையே உடலிற் பற்றிய பிணியும் திருத்துருத்தித் தீர்த்தத்தில் நீங்கிற்று. நாயனார்க்குக் கிடைத்த அருள் வேறு, பிற்காலத்து ஒருவர் பட்ட பாடு வேறு. இரண்டையும் ஒப்பென்று கூறுதல் பிழையாகும். ஆயினும், முழுநலம் கிடைக்குமுன் கோலளவு துணை கிடைத்தவிடத்தே நடக்கத் தொடங்கவேண்டும் என்பது அவ்வரலாறு யாவர்க்கும் உணர்த்தும் பாடம். சிவா அவர்கட்குக் கிடைத்த கோல் ஒரு மாட்டுவண்டி. கிடைத்த துறை பாப்பாரப்பட்டி.

பாப்பாரப்பட்டி தருமபுரி நகர்க்கு வடமேற்கேயுள்ள சிற்றூர். அந்நாளில் அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிலேயாம். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் வானம் பார்த்த புன்செய்கள் மிகுந்த நாடு அது. பண்டு அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நாடும் இதுவே. பெறுதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்து, தன் வாழ்நாளினும் பிறர் வாழ்நாளைப் பெரிதாக மதித்த வள்ளல் வாழ்ந்த மண் அது. அம்மண்ணிலே, வாழ்நாள் குறைந்துவந்த ஒருவர்க்கு இடங்கிடைத்தது. அவ்வூர் அன்பர் சின்னமுத்து முதலியார் துணையோடு சிவா அவர்கள் நிலம் பெற்று, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரத ஆசிரமத்தை நிறுவினார். சாதி சமய வேறுபாடின்றி யாவரும் வந்து வழிபடத்தக்க பாரதமாதா கோயில் ஒன்றை ஆங்கு எழுப்ப விரும்பினார். 1922-ஆம் ஆண்டு கயையிற் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை வகித்த சித்தரஞ்சன தாசர், 1923-ஆம் ஆண்டில் இச்சிற்றூர்க்கு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார்.

அந்நாளில் இந்நோயுற்றார் நிலை யாதென அறிந்தாலன்றி, பாப்பாரப்பட்டியார் செய்தது எத்துணைப் பெரிதென்பது விளங்காது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் என்பவர் தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். எனினும் அதனை அழிக்கும் மருந்து அப்போது இல்லை. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறியராய்த் திரியும் நோயாளரைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவும், அரசு அறிவித்த இடங்களில் அவர் பொதுக்கிணறுகளிற் புழங்குதலைத் தடுக்கவும் வழிசெய்தது. சட்டத்தினும் கொடிது ஊரார் மனம். பெற்ற மக்களும் உடன்பிறந்தாரும் கைவிட, ஊர்ப்புறத்தே ஒதுங்கிக் கிடந்தோர் எண்ணிறந்தோர். 'வினைப்பயன்' என்னும் மெய்யுரையைப் பலர் அவரை ஒதுக்குதற்கு ஒரு பொய்க்காரணமாக்கிக் கொண்டனர். புகைவண்டியில் ஏறலாகாதென்று அரசு விலக்கிய ஒருவர்க்கு நிலமும், குடிசையும், செய்தற்கு ஒரு பணியும் ஒரு சிற்றூரிற் கிடைத்தன எனின், அவ்வூர் அவர்க்கு அளித்தது உறையுள் மாத்திரம் அன்று. மனிதர் நடுவே மனிதராய் வாழும் உரிமையையும் அளித்தது.

இவரோடு ஒருங்கே சிறை சென்ற சிதம்பரம் பிள்ளையவர்களின் பிற்கால வாழ்வையும் ஒப்புநோக்குதல் தகும். கோவைச் சிறையிற் செக்கிழுத்து 1912-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மீண்ட அவர்க்கு, கப்பற் கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. சென்னையில் சிறு வணிகஞ் செய்து வறுமையோடு பொருதினார். பின்னர் நீதிபதி வாலேசு என்பவர் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தமிழாராய்ச்சியிலும் சைவநூற் பயிற்சியிலும் நின்ற அப்பெரியார், மெய்கண்ட தேவரின் சிவஞானபோதத்திற்குத் தாம் வரைந்த உரையை 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டில் மறைந்தார். ஒருவர்க்கு இழந்த தொழில் மீண்டது. மற்றொருவர்க்கோ இழந்த உடல்நலம் மீளவேயில்லை. ஆயினும் இருவரும் வாழ்வை மறுபடி தொடங்கினர். எனவே, இழந்த பொருளை மீளப் பெறுதல் மறுவாழ்வுக்கு இன்றியமையாததன்று என்பதும், எஞ்சிய பொருளை நற்பணிக்கு ஆக்குதலே அதன் உயிர் என்பதும் தெளியப்படும்.

பாரதபுரத்துக் கோயில் சிவா அவர்கள் வாழ்நாளில் எழவில்லை. பொருள் தேடிப் பல ஊர்கட்கும் நோயோடு சென்று வந்தார். அடிக்கல் நாட்டிய தாசர் 1925-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் காலமானார். அதன்பின் முப்பத்தேழாம் நாளாகிய சூலை 23-ஆம் நாள், பாப்பாரப்பட்டியிலேயே சிவா அவர்களும் காலமானார். அவர்க்கு அப்பொழுது அகவை 40. நெடுங்காலங் கழித்து அவ்விடத்தே அவர்க்கு மணிமண்டபமும், அவர் கருதியவாறே பாரதமாதாவுக்கு நினைவாலயமும் எழுந்தன.

அவர் மறைந்து இருபதாண்டு நிரம்புமுன்னரே, 1940-களில் சல்போன் வகை மருந்துகள் இந்நோயைத் தணித்தல் அறியப்பட்டது. செங்கற்பட்டையடுத்த திருமணி மருத்துவமனையிலும் அவை வழங்கப்பெற்றன. 1981-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டுமருந்து முறையை வகுத்தபின், ஆறு திங்களிலோ ஓராண்டிலோ முற்றும் தீரத்தக்க நோயாயிற்று அது. மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து அது பிறர்க்குப் பரவுவதும் விரைவில் நின்றுவிடுகின்றது. 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஊழென்று உலகம் கைவிட்டதொன்று, உய்யும் வழியை விடாது தேடினோர் முயற்சியால் தீர்ந்தது. பிள்ளையார் செங்குன்றூரில் அருளிய கருத்துக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமோ?

சுப்பிரமணிய சிவா வேதாந்தக் கொள்கையினர்; அவர் எழுப்பக் கருதியதும் சிவாலயம் அன்று. ஆயினும் அவர் வாழ்வு சைவர்க்குக் காட்டும் உண்மைகள் இரண்டு உள. இடருற்றவன் வினையை அறிந்து நிற்றலோடு அமையாது உய்யும் நெறியை நாடவேண்டும் என்பது ஒன்று. அங்ஙனம் நாடி வருவானுக்கு அயலார் இடங்கொடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைப் பலரும் இடருற்றவர்க்கு எடுத்தோதுவர். பின்னதைத் தமக்குரிய கடனாகக் கொள்வோர் சிலரே. கடனாற் கெட்டவன், வேலை இழந்தவன், சிறையினின்று மீண்டவன், நோயினின்று எழுந்தவன் எனப் பலர் இன்றும் ஊர்தோறும் ஒரு வாயிலை நோக்கி நிற்கின்றனர். அவர்க்கு வேண்டுவது ஊழின் இலக்கணம் அன்று, ஊன்றுகோலளவு துணையேயாம். வெண்பாக்கத்தில் இறைவன் அருளியதும் அதுவே. பாப்பாரப்பட்டியார் தந்ததும் அதுவே. அதனைக் கொடுக்கும் கை, உயிர்க்கு மீண்டும் மீண்டும் உடலும் உலகும் தந்து உய்விக்கும் பெருமான் திருவுள்ளத்தின் வழி நின்றதாகும்.

திருச்சிற்றம்பலம்.