ஹிஃப்ளு மதரஸா

திருக்குர்ஆனை முழுவதும் மனனம் செய்விக்கும் உறைவிடப் பள்ளி. 114 அத்தியாயங்களையும், அதாவது 30 ஜுஸ்உகளையும் (பாகங்களையும்), பார்க்காமல் ஓதி முடித்தவர் ஹாஃபிள் எனப்படுவார். ரமலான் மாத இரவுத் தொழுகையான தராவீஹில் பெரும்பாலும் இவர்களே முன்னின்று ஓதுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும்.

மதரஸாவைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் கட்டடத்தைவிடப் பாட முறையைப் பார்ப்பது நல்லது. அன்றைய புதுப் பாடம் சபக். பழைய ஜுஸ்உகளைத் திரும்ப ஓதுவது தவ்ர். சபக் ஓட்டமாக ஓடி தவ்ர் குறைந்தால், ஏறியதெல்லாம் நழுவிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் உஸ்தாதின் (ஆசிரியரின்) எதிரே உட்கார்ந்து தனியாக ஓதிக்காட்ட வேண்டும். ஆகவே ஓர் உஸ்தாதிடம் எத்தனை பேர் என்பதே முதல் கேள்வி. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே பதிப்பு குர்ஆனில்தான் ஓதுவார்கள், பெரும்பாலும் பக்கத்துக்கு 15 வரி உள்ளது. வசனம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் கண்ணில் பதிந்துவிடும். உச்சரிப்புப் பிழையும் அப்படித்தான் பதியும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

பிள்ளைகளை அடிப்பார்களா, வீட்டாரோடு பேச விடுவார்களா, பள்ளிப் படிப்பு தொடருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாட நேரத்தில் பிள்ளையோடு போய், சற்று நேரம் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள்.