மண் கணக்கு

ஏரி வேலை நம் நாட்டில் பழைய சமாசாரம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரியைக் கவனிக்கவே ‘ஏரி வாரியம்’ என்ற குழு வருகிறது.

வெட்டிய மண் உப்பும். 100 கன அடிக் குழியின் மண், குவித்தால் 120, 125 கூட ஆகிவிடும். ஆகவே குவியலை அல்ல, குழியைத்தான் அளக்கணும். அதற்காகவே வெட்டும்போது நடுநடுவே மண் திட்டுகளைச் சாட்சியாக விட்டுவைக்கும் வழக்கம் வந்தது. திட்டின் தலையில் மண்ணை ஏற்றினால் அரசுக்கு நஷ்டம். அளக்குமுன் இடித்தால் கூலியாளுக்கு நஷ்டம்.

1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. ஆனாலும் கன அடி போகவில்லை. தென்பெண்ணைக் கரையில் எங்க மணலூர்பேட்டையில் மணல் என்றால் ‘யூனிட்’தான், அதாவது 100 கன அடி, சுமார் 2.83 கன மீட்டர். ஆற்றின் மேலே 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையின் கொள்ளளவையும் 732.1 கோடி கன அடி என்றே சொல்கிறோம்.

இன்று கம்ப்யூட்டர் நொடியில் கன அளவைச் சொல்லிவிடும். ஆனால் பழைய தரைமட்டம் தெரியாவிட்டால் அதுவும் ஊமைதான். தம்பி, தங்கைகளே! மண்வெட்டி இறங்குமுன் மட்டம் எடுங்க. அந்த நோட்டில்தான் ஒருவருடைய நாள் கூலி இருக்கிறது.