ஐந்துக்கு ஏழு அடி: சக்கர நாற்காலி நுழையும் குளியலறையைத் திட்டமிடுவது எப்படி?

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. குடும்பத் தலைவர் இறுதி யுத்தத்தில் ஷெல் காயத்தால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. மலசலகூடமும் கிடைத்தது. ஆனால் அது வளவின் பின்பக்கம், ஒரு படி உயரத்தில் இருக்கிறது. வாசலின் அகலம் 24 அங்குலம். அவருடைய சக்கர நாற்காலியின் அகலம் 26 அங்குலம்.

"பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு நான் தண்ணி குடிக்கிறேல்லை, பிள்ளை. இரவிலை மனிசியைத்தானே எழுப்ப வேணும். அவவுக்கும் இப்ப நாரி நோ" என்றார்.

அந்த இரண்டு அங்குலத்துக்காக ஒரு மனிதர் தாகத்தை அடக்குகிறார். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். தொற்றுத் தொடர்ந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படும். யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னும் எங்கள் பல வீடுகளில் மிக ஆபத்தான இடம் இந்தச் சிறிய அறைதான்.

2010ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கு, கிழக்கில் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்திய வீட்டுத்திட்டத்தின் வீடு ஏறக்குறைய 550 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கான கொடுப்பனவு 5,50,000 ரூபாய். அந்தப் பணத்துக்குள் கூரையையும் சுவரையும் முடிப்பதே பெரும்பாடாக இருந்தது. யார் அந்த மலசலகூடத்தைப் பயன்படுத்தப் போகிறார் என்று கேட்டுக் கட்ட அப்போது வசதி இருக்கவில்லை. இப்போது திருத்தும்போதாவது அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஆளை அளவுங்கள்

மேசனைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு அளவு நாடாவும் கொப்பியும் எடுங்கள். நான்கு அளவுகள் வேண்டும்: சக்கர நாற்காலியின் அகலம் (கை சில்லைத் தள்ளும் இடத்தையும் சேர்த்து), அதன் நீளம், நிலத்திலிருந்து இருக்கையின் உயரம், உட்கார்ந்திருப்பவர் முழங்கையை மடித்தால் கை நிற்கும் உயரம். எந்தக் கை பலமானது, எந்தப் பக்கமாக இறங்கி ஏறுவது அவருக்கு இலகு என்பதையும் எழுதுங்கள். கால் இழந்தவர் என்றால் எந்தக் கால் என்பது முக்கியம். கைபிடி எந்தச் சுவரில் வரவேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

பிறகு முற்றத்தில் சோக்கால் அல்லது சாம்பலால் அறையைக் கீறுங்கள். கொமட் வரும் இடத்தில் ஒரு கதிரையை வையுங்கள். வாசலுக்கு இரண்டு கல். அவரே வந்து நுழைந்து, திரும்பி, இறங்கிப் பார்க்கட்டும். சோக்கோட்டை அழிக்கக் காசு தேவையில்லை. சுவரை உடைக்கத்தான் தேவை.

சிறிய இடத்தில் ஒரு அமைப்பு

சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். சிறிய அறைக்குள் அது கிடைக்காது. அதனால் திரும்பும் இடத்தை வெளியே கொடுக்கலாம். வாசலுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளமான மேடை இருந்தால், அங்கே திரும்பிப் பின்பக்கமாக உள்ளே வரலாம்.

அறை உட்புறம் 5 அடி அகலம், 7 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். கொமட்டை நடுவில் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். வாசலுக்கு எதிரே உள்ள குறுகிய சுவரில், ஒரு மூலைக்குக் கிட்டவாக வையுங்கள்: பக்கச் சுவரிலிருந்து கொமட்டின் நடுக்கோடு 18 அங்குலம். அப்படி வைத்தால் மற்றப் பக்கத்தில் ஏறக்குறைய 35 அங்குலம் வெறுமையாக இருக்கும். 26 அங்குல நாற்காலி அதற்குள் தாராளமாக நிற்கும். வாசலையும் அந்த வெறுமையான பக்கத்துக்கு நேரே வைத்தால், பின்பக்கமாக வரும் நாற்காலியின் இருக்கை கொமட்டின் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கையூன்றி நகர்ந்து மாறலாம். தூக்கிவிட இன்னொருவர் தேவைப்படாமலும் போகலாம்.

கொமட்டுக்கு முன்னால் மிஞ்சும் நாலரை அடி இடம் குளிப்பதற்கு. கைப்பிடியில்லாத, கால் அகன்ற கதிரை ஒன்று போதும். தண்ணீர்க் குழாயை இரண்டரை அடி உயரத்தில், இருந்தபடி எட்டும் தூரத்தில் பொருத்துங்கள். திருகும் குழாயைவிட, நெம்பித் திறக்கும் குழாய் கைவிரல் இழந்தவர்களுக்கு இலகு.

வாசல், படி, நிலம்

கதவு திறந்தபின் கிடைக்கும் இடைவெளி குறைந்தது 32 அங்குலம் இருக்க வேண்டும். 3 அடி நிலை போட்டால் இது கிடைக்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், உள்ளே திறக்கும் கதவை அவருடைய உடம்பே தடுத்துவிடும். உள் கொண்டி அவசியம். அவசரத்தில் அதை வெளியிலிருந்து கழற்றவும் வழி வேண்டும்.

சாய்தளத்துக்குக் கணக்கு 1க்கு 12. ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம். 6 அங்குலப் படிக்கு 6 அடி. 18 அங்குல அத்திவாரத்துக்கு 18 அடி. வீட்டு நிலமட்டம் உயர்ந்திருந்தால், வளவில் புதிதாகக் கட்டுவதைவிட விறாந்தையோடு ஒட்டி, அதே மட்டத்தில் கட்டுவது நல்லது. ஒரே சாய்தளம் வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் உதவும். இரவில் வெளியே போகவேண்டியதில்லை என்பதால் பெண்கள் தனியாக வாழும் வீடுகளுக்கும் இதுவே பாதுகாப்பு.

நிலத்துக்கு மினுங்கும் ரைல்ஸ் வேண்டாம். ஈரத்தில் அது வழுக்கும். சொரசொரப்பான ரைல்ஸ், அல்லது தும்புத்தடியால் கோடிழுத்து முடித்த சீமெந்து நிலம் போதும். அடிக்குக் கால் அங்குலம் வீதம், வாசலுக்கு எதிர்த்திசையில் வடிகாலை நோக்கிச் சரிவு கொடுங்கள். வாசலில் சீமெந்துத் தடுப்புக் கட்டினால் நாற்காலி அதில் முட்டி நின்றுவிடும்.

பொய்க்கால் போட்டவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்கிறார்கள். ஈர நிலத்தில் ஒற்றைக் காலால் துள்ளும் அந்த நேரத்தில்தான் விழுகிறார்கள். கழற்ற வாசலருகில் ஒரு இருக்கை, பொய்க்காலை நனையாமல் வைக்க ஒரு தட்டு, அங்கிருந்து குளிக்கும் கதிரை வரை தொடர்ந்து செல்லும் கைபிடி ஆகிய மூன்றும் வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்கு நிலமும் சுவரும் வேறுவேறு நிறத்தில் இருந்தால் உதவும்.

உயரமும் கைபிடியும்

சாதாரண கொமட்டின் உயரம் 15 அல்லது 16 அங்குலம். சக்கர நாற்காலியின் இருக்கை 19 அங்குலம் வரும். அடியில் 2 அல்லது 3 அங்குலக் கொன்கிரீற் மேடை வைத்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகும். மேடை கொமட்டின் அடியைவிட வெளியே நீளக்கூடாது. காலும் நாற்காலியின் கால்தாங்கியும் அதில் இடிபடும்.

கைபிடிக்கு ஒன்றேகால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையான பைப் பிடிக்க வசதி. சுவருக்கும் பைப்புக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் விடுங்கள். உயரம் பெரும்பாலும் 28 முதல் 33 அங்குலத்துக்குள் வரும். நீங்கள் எழுதிவைத்த முழங்கை உயரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

எங்கள் சுவர்கள் பல உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கற்களால் ஆனவை. அதில் வெறும் றோல் பிளக் அடித்தால் ஒருநாள் கைபிடியும் ஆளும் சேர்ந்து விழும். அந்த இடத்தில் கல்லை வெட்டி, கொன்கிரீற் நிரப்பி, இறுகியபின் பொருத்தச் சொல்லுங்கள். சுவர் பலவீனமென்றால் நிலத்தில் புதைத்த ஜீ.ஐ. பைப் நல்லது. பாவிக்க முன் வளர்ந்த இருவர் சேர்ந்து இழுத்துப் பார்க்க வேண்டும்.

குழியும் கிணறும்

அறையை இடம் மாற்றினாலும் பழைய குழியைப் பாவிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். 4 அங்குலப் பைப்பை அடிக்குக் கால் அங்குலச் சரிவில் கொண்டுபோகலாம். புதுக்குழி என்றால் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி. யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவுநீர் விரைவாக நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பதால் இங்கு தூரம் கூடக்கூட நல்லது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். குளிக்கும் தண்ணீரை மலக்குழிக்குள் விடாமல் வாழைப் பாத்திக்குத் திருப்பினால் குழியும் விரைவில் நிரம்பாது.

காசு குறைவென்றால்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வரிசையில் போகலாம்: முதலில் கைபிடி, வெளிச்சம், வழுக்காத நிலம். அடுத்து வாசலை அகலமாக்கிக் கதவை மாற்றுவது. பிறகு சாய்தளமும் மேடையும். அதன்பின் குந்தியிருக்கும் கோப்பையை எடுத்துவிட்டுக் கொமட். கடைசியில் அறையைப் பெருப்பிப்பது. அதுவரை பிளாஸ்ரிக் கதிரையில் ஓட்டை வெட்டிக் கோப்பைக்கு மேல் வைக்கிறவர்கள் அதன் காலைப் பாருங்கள். வெடிப்புக் கண்டால் எறிந்துவிடுங்கள். மரச்சட்டத்தில் அடித்த இருக்கை அதைவிடப் பாதுகாப்பு.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு, மலசலகூட உதவி அந்த ஆண்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வைத்திய அறிக்கையின் பிரதியோடு, நீங்கள் கீறிய படத்தையும் அளவுகளையும் இணையுங்கள். "உதவி தேவை" என்ற கடிதத்தைவிட "வாசல் 24 அங்குலம், நாற்காலி 26 அங்குலம்" என்ற கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவது கடினம்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதியைக் கட்டாயமாக்கின. 2016இல் இலங்கை ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஒழுங்குவிதிகள் பேசுவது பொதுக் கட்டடங்களைப் பற்றி. வீட்டுக்குப் பின்னாலுள்ள மலசலகூடத்தின் கதவை அளந்து பார்க்க எவரும் வருவதில்லை.

அதனால் அந்த அளவை நாங்களே எடுக்க வேண்டும். அந்தக் கிளிநொச்சி வீட்டில் புறப்படும் முன் முற்றத்தில் ஐந்துக்கு ஏழு அடிக்குச் சாம்பலால் கோடு போட்டோம். அவர் தானே நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக உள்ளே வந்து, பக்கத்தில் வைத்த கதிரைக்கு ஒருவர் உதவியுமில்லாமல் மாறினார். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடியெண்டா நான் இரவிலை நித்திரை கொள்ளலாம்" என்றார்.